தலையிடி என்று வந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி

காலை ஏழு மணிக்கே பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசை தொடங்கிவிடுகிறது. துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் இருப்பவர்களில் ஒருவரை நாம் நினைத்துப் பார்ப்போம். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சொந்த ஊரில் செம்மண் தோட்டமும் கிணறும் வைத்து, வெங்காயமும் புகையிலையும் செய்தவர். இப்போது உறவினர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டுக்கொண்டு, பிறருடைய தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். இந்த மாதத்தில் அவர் வைத்தியசாலைக்கு வருவது இது மூன்றாவது தடவை. முதற்தடவை தலையிடி என்றார். இரண்டாந்தடவை நாரி நோ என்றார். இன்று நெஞ்செரிவு, நித்திரையில்லை என்கிறார். வைத்தியருக்கு முன்னால் அவர் இருப்பது இரண்டு, மூன்று நிமிடங்கள்தான். பனடோலும் வயிற்றெரிவுக்குக் குளிசையும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இவர் நாம் உதாரணத்துக்காகச் சொன்ன ஒருவர். ஆனாலும் வாசகர்களில் பலர் இவரைப் போன்றவர்களை அறிந்திருப்பீர்கள். இவர் வைத்தியரிடம் சொல்லாத விடயம் ஒன்று உண்டு. சில கிழமைகளாக, விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் “நான் இருந்து என்ன பிரயோசனம், போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நிம்மதி” என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. இதை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளக்கூடிய ஆபத்தில் இருக்கும் ஒருவரை, சாதாரண வருத்தங்களுக்கு மருந்தெடுக்கும் இடத்திலேயே எவ்வாறு இனங்காணலாம் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போகிறோம். இது வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் மட்டும் உரிய விடயமன்று. வரிசையில் நிற்பவர்களும் அவர்களோடு கூடப் போகிறவர்களும் நாமே. ஆகவே இது எங்களுடைய விடயமுமாகும்.

கடைசி மாதத்தில் வைத்தியரைக் கண்டவர்கள்

உலகில் ஆண்டுதோறும் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர். இவ்வாறு இறந்தவர்கள் இறப்பதற்கு முன்னர் எங்கே சென்றிருந்தார்கள் என்பதை ஆராய்ந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2002 ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியிடப்பட்டது. அந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை மேற்கு நாடுகளில் நடந்தவை. அதன்படி, இறந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர், இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் சாதாரண பொது வைத்தியர் ஒருவரிடம் போயிருந்தார்கள். கடைசி ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால் நாலு பேருக்கு மூன்று பேர் போயிருந்தார்கள். மனநல வைத்தியரிடமோ உளநலப் பிரிவுக்கோ அந்தக் கடைசி மாதத்தில் போனவர்கள் ஐந்து பேருக்கு ஒருவர் அளவில்தான்.

இதிலிருந்து விளங்குவது என்னவெனில், ஆபத்தில் இருப்பவர் முதலில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் உளநலப் பிரிவு அன்று. அது ஊரிலுள்ள மருந்தகம், பிரதேச வைத்தியசாலை, அல்லது மாதாந்தம் நீரிழிவுக்கும் பிரசருக்கும் கொப்பியோடு போகும் கிளினிக் ஆகும். ஒரு வகையில் அவர் உதவி கேட்டுத்தான் வருகிறார். ஆனால் அவர் கேட்பது வேறு பெயரில் இருக்கிறது.

உடம்பு சொல்லும் கதை

எங்கள் சமூகத்தில் மனத்துயரத்தை உடம்பின் பாஷையிலேயே சொல்லிப் பழகியிருக்கிறோம். “தலைக்குள்ளே ஏதோ ஓடுது,” “நெஞ்சுக்குள்ளே அடைக்குது,” “உடம்பெல்லாம் உழையுது,” “கை கால் விறைக்குது,” “ஒரே யோசினை,” “பெருமூச்சுத்தான் வருது” என்றுதான் சொல்வோமேயன்றி, “எனக்கு மனச்சோர்வு” என்று எவரும் வைத்தியரிடம் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் “விசர்” என்று பெயர் வந்துவிடுமோ, பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயமும் உண்டு.

இந்த நோக்கள் பொய்யானவையல்ல. அவர் நடிக்கவுமில்லை. துயரம் நீண்டுபோகும்போது நித்திரை, பசி, சமிபாடு, தசைகள் எல்லாமே பாதிக்கப்படுகின்றன. ஆகவே நோவுக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனைகளில் ஒன்றும் தெரியாமல், ஒருவர் திரும்பத் திரும்ப வெவ்வேறு நோக்களோடு வருவாராயின், நோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆண்களிடத்தில் இது இன்னொரு வடிவத்திலும் வரும். சுவீடன் நாட்டிலே கொட்லாந்து என்றொரு தீவு இருக்கிறது. 1983–84 ஆம் ஆண்டுகளில் அத்தீவின் பொது வைத்தியர்களுக்கு மனச்சோர்வை இனங்கண்டு சிகிச்சையளிக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. அதன்பின் அங்கே தற்கொலைகள் தெளிவாகக் குறைந்தன. ஆயினும் குறைவு பெண்களிடத்திலேயே பெரிதாக இருந்தது. ஆண்கள் வைத்தியரிடம் வருவது குறைவு. வந்தாலும் அவர்களுடைய மனச்சோர்வு அழுகையாக வெளிவருவதில்லை, கோபமாகவும் குடியாகவுமே வெளிவருகிறது என்பதைப் பின்னர் கண்டுகொண்டார்கள். சில ஆண்டுகளில் பயிற்சி பெற்ற வைத்தியர்கள் பலர் தீவை விட்டுச் செல்ல, பயிற்சியும் தொடராமற்போக, தற்கொலைகள் மீண்டும் கூடின. வைத்தியர்கள் கேட்கப் பழகினால் உயிர்கள் காக்கப்படும் என்பதும், அந்தப் பழக்கம் விடாது தொடரவேண்டும் என்பதும் அத்தீவின் அனுபவத்திலிருந்து நாம் பெறும் பாடங்கள்.

இடம்பெயர்ந்தவர்களிடையே

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2008–2009 இல் வன்னிக்குள்ளேயே பல தடவை கிடுகையும் தறப்பாளையும் சுமந்து திரிந்தவர்கள் என, எங்கள் மக்களின் இடப்பெயர்வுக் கதை ஒன்றல்ல.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்கள், யுத்தம் உக்கிரமாக நடந்த காலங்களில் அங்கே தற்கொலைகள் குறைந்திருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருக்கும்போது மக்கள் ஒருவரையொருவர் பற்றிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஆபத்து, ஓடி முடிந்து, இருந்து யோசிக்கும் காலத்தில் கூடுகிறது. ஷெல் விழாத நாளில் ஏன் இவர் இப்படி உடைந்துபோகிறார் என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை.

கமக்காரன் ஒருவனுக்குக் காணி என்பது வருமானம் மட்டுமன்று. ஊரில் அவனுக்கிருந்த பெயரும் மரியாதையும் அதுதான். பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவர் கூலிக்கு நிற்பதும், பத்திரம் கையில் இருந்தும் காணிக்குள் கால்வைக்க முடியாமல் இருப்பதும், திரும்பிப் போனாலும் கிணறு தூர்ந்து எல்லைக்கல் தெரியாமல் இருப்பதும் ஒருவரை உள்ளே அரித்துத் தின்னும். இதோடு நகை அடகில், கடையில் கடன், கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன் அறவீடு என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. நுண்கடனின் பாரம் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகிறது. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு, அழுது முடிக்கவும் ஒரு நாள் இல்லை.

ஆனாலும் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. இத்தனை கஷ்டங்களுக்குள்ளும் பெரும்பாலானோர் உயிரை மாய்த்துக்கொள்வதில்லை. கஷ்டம் மட்டுமே காரணமாவதில்லை. கஷ்டத்தோடு மனச்சோர்வு, குடி, தனிமை, கைக்கெட்டிய ஆபத்து என்பன சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. இவற்றுள் பலவற்றுக்கு எங்களால் ஏதாவது செய்யமுடியும்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலே ஆபத்து என்று முடிவுகட்டத் தேவையில்லை. பல ஒன்றாகச் சேர்ந்தாலோ, அண்மையில் புதிதாகத் தோன்றினாலோ கவனமெடுக்கவேண்டும்.

1. முன்னர் ஒருதடவை உயிரை மாய்க்க முயன்றிருத்தல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதற் கிழமைகளும் மாதங்களும் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம்.

2. பேச்சு. “நான் உங்களுக்குப் பாரம்,” “இனி ஏலாது,” “கண்ணை மூடினால் காணும்,” “நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாய் இருப்பியள்” போன்றவை. பகிடியாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளவேண்டும். “சொல்கிறவன் செய்யமாட்டான்” என்பது தவறான நம்பிக்கை.

3. நித்திரையும் சாப்பாடும். விடியுமுன் விழித்து மீண்டும் உறங்க முடியாமை, உடம்பு மெலிதல், குளிக்காமலும் உடுப்பு மாற்றாமலும் இருத்தல்.

4. விருப்பம் அற்றுப்போதல். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறாமல் விடுதல், மாட்டைக் கவனியாமை, பேரப்பிள்ளையைக்கூடத் தூக்காமை.

5. குடி கூடுதல், சின்ன விடயத்துக்கும் எரிந்துவிழுதல்.

6. விடைபெறுவது போன்ற செயல்கள். பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தல், காரணமின்றிச் சொந்தங்களைப் போய்ப் பார்த்தல், பத்திரங்களை ஒழுங்குபடுத்தி “இது இங்கே இருக்கு” என்று காட்டுதல்.

7. நெடுநாள் துயரத்தின்பின் திடீரென வந்த அமைதி. சுகம் வந்துவிட்டது என்று நாம் நினைக்கலாம். சிலவேளை அது முடிவொன்றை எடுத்துவிட்டவரின் அமைதியாகவும் இருக்கும்.

8. தீராத நோவு, புற்றுநோய் போன்ற பாரிய வருத்தம், கணவனின் அடி உதை, காதல் முறிவு, பரீட்சைத் தோல்வி, பிள்ளைப்பேற்றின் பின்னான சோர்வு, குடும்பத்தில் முன்னர் ஒருவர் இவ்வாறு இறந்திருத்தல்.

கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோமா?

இதுவே எல்லாரையும் தடுக்கும் பயம். “அவர் நினைக்காததை நாங்கள் கேட்டு நினைப்பூட்டிவிட்டால்?” என்று வைத்தியர்களிலும் சிலர் யோசிக்கிறார்கள். இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதனால் எண்ணம் உண்டாவதாகவோ கூடுவதாகவோ காணப்படவில்லை. பெரும்பாலானோருக்கு ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலே கிடைக்கிறது. மாதக்கணக்காகத் தனியே சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விடயம் இருக்கிறது. வரிசையில் பத்துப்பேர் காதுகொடுத்து நிற்கையில் கேட்கமுடியாது. கதவைச் சாத்தி, அல்லது ஒரு மூலைக்கு அழைத்து, கதிரையில் இருத்தி, படிப்படியாகக் கேட்கவேண்டும். நல்ல வைத்தியர் ஒருவர் ஏறத்தாழ இப்படிக் கேட்பார்:

“ஐயா, நித்திரை எப்படி? மனதிலே என்ன யோசினை கூட வருது?”

“இவ்வளவு கஷ்டம் பட்ட ஆக்கள் சிலருக்கு வாழ்க்கையே வெறுத்துப்போகும். உங்களுக்கும் அப்படி இருக்கோ?”

“செத்துப்போனால் நல்லது எண்டு நினைப்பு வாறதோ?”

“உங்கட உயிரை நீங்களே மாய்க்கிற எண்ணம் வந்ததோ? எப்படி, எப்ப எண்டும் யோசிச்சனீங்களோ?”

“முந்தி எப்பவாவது அப்படிச் செய்யப் பார்த்தனீங்களோ?”

“இதுவரைக்கும் உங்களை மறிச்சு வைச்சிருக்கிறது என்ன? ஆர்?”

கடைசிக் கேள்வி மிகவும் பெறுமதியானது. “கடைக்குட்டி இன்னும் படிக்கிறாள்,” “மனிசி தனிச்சுப்போவாள்” என்ற விடைகள் வரும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறவேண்டும்.

வரும் விடையைப் பொறுத்து செய்யவேண்டியது வேறுபடும். “சிலவேளை சாவு வந்தால் நல்லது எண்டு தோன்றும், ஆனால் அப்படிச் செய்யமாட்டன்” என்பவருக்கு மனச்சோர்வுக்கான சிகிச்சையும், ஒரு கிழமைக்குள் திரும்பிக் காணும் திகதியும் வேண்டும். எண்ணம் அடிக்கடி வருகிறது என்பவரை அன்றே குடும்பத்தவரோடு சேர்த்துக் கதைத்து, உளநல வைத்திய அதிகாரிக்கு எழுதி அனுப்பவேண்டும். எப்படி, எப்போது என்று முடிவுசெய்து வைத்திருப்பவரையும், அண்மையில் முயன்றவரையும் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலையில் சேர்க்கவேண்டும்.

சில இடங்களில் கேள்விகளுக்குப் புள்ளி போட்டு, இவ்வளவு புள்ளிக்குக் குறைந்தால் ஆபத்தில்லை என்று அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்ல இப்படியான புள்ளிப் பட்டியல்களை நம்பவேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2022 இல் தெளிவாகக் கூறியது. குறைந்த ஆபத்து என்று கணிக்கப்பட்டவர்களும் இறந்திருக்கிறார்கள். ஆகவே, “இவருக்கு இப்போது என்ன தேவை, வீட்டில் யார் இருக்கிறார்கள், நாளை இவரை யார் காண்பார்கள்?” என்ற கேள்விகளே பயனுள்ளவை.

கூடப் போகிறவர் செய்யக்கூடியது

வைத்தியருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஒரு காலையில் நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கவேண்டியவரிடம் நாங்கள் குறைமட்டும் சொல்லிப் பயனில்லை. கூடப் போகிறவர் இரண்டு வசனங்களை முன்கூட்டி ஆயத்தப்படுத்திக்கொண்டு போகலாம். உதாரணமாக: “டொக்டர், அப்பாவுக்கு ஒரு மாதமாய் நித்திரையில்லை, சாப்பாடில்லை. தான் இருந்து பிரயோசனமில்லை எண்டு இரண்டு தரம் சொல்லிப்போட்டார்.” இந்த இரண்டு வசனங்களும் அவர் கேட்கவேண்டிய கேள்விக்குக் கதவைத் திறந்துவிடும். நோயாளிக்கு முன்னால் சொல்ல வெட்கமாயிருந்தால் ஒரு துண்டில் எழுதித் தாதியிடம் கொடுக்கலாம்.

வைத்தியர் ஒருவரே வழி என்றும் இல்லை. வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர், உளநலப் பிரிவின் உளசமூகப் பணியாளர் ஆகியோரிடமும் சொல்லலாம். பிள்ளைக்கு நிறை பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர், தாயின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாலே போதும் என்ற சந்தர்ப்பங்கள் உண்டு.

வீட்டில் நாம் கேட்கும்போது புத்திமதி சொல்ல அவசரப்படக்கூடாது. “உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்கள் இல்லையோ?”, “கோழை மாதிரிக் கதையாதை” என்றால் அவர் மீண்டும் வாய் திறக்கமாட்டார். கேட்டுக்கொண்டிருத்தலே பெரிய உதவி. “ஒருத்தருக்கும் சொல்லாதை” என்று அவர் சத்தியம் வாங்கினாலும் அந்தச் சத்தியத்தைக் கொடுக்கக்கூடாது. “உங்களைக் காப்பாத்த வேண்டிய ஆக்களுக்கு மட்டும் சொல்லுவன்” என்று அன்பாகச் சொல்லிவிடவேண்டும்.

பொலிசைப் பற்றிய பயம்

உயிரை மாய்க்க முயன்றால் வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தால் சிலர் வைத்தியசாலையில் “தவறுதலாக நடந்தது” என்று மறைத்துவிடுகிறார்கள். முன்னர் அது குற்றமாக இருந்தது உண்மைதான். 1998 ஆம் ஆண்டில் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு அந்தக் குற்றம் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவர் குற்றவாளியல்லர், சிகிச்சை பெறவேண்டிய நோயாளி. உண்மையை மறைத்தால் சரியான சிகிச்சையும் உளநலப் பிரிவின் உதவியும் கிடைக்காமற் போகும்.

வீட்டிலுள்ள நஞ்சு

இலங்கையில் 1995 ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. அது அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. அவற்றில் பெரும்பங்கு விவசாய நஞ்சுகளால் நேர்ந்தவை. 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 தொடக்கம் 2011 வரையிலும் மிகவும் ஆபத்தான நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995 தொடக்கம் 2015 வரையான இருபது ஆண்டுகளில் இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இதனால் பயிர் விளைச்சல் குறைந்ததாகக் காணப்படவில்லை என்பதும் எங்கள் கமக்காரருக்கு முக்கியமான செய்தி.

இது எப்படி நடந்தது? நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடம் இலங்கையில் விசாரித்தபோது, அரைவாசிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே யோசித்திருந்தனர். ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு கண நேரக் கொந்தளிப்பு. அந்த அரை மணி நேரம் கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் கொந்தளிப்பு தணிந்துவிடும். ஒருதடவை முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் 53,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய பரீட்சிப்பு நடத்தப்பட்டது. அரைவாசிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போடும் பெட்டி கொடுக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த முடிவின்படி, பெட்டி கொடுத்ததால் நஞ்சருந்துவது குறையவில்லை. திறப்பு வீட்டிலேதான் இருந்தது. ஆகவே நஞ்சை வீட்டிலே வைக்காதிருப்பதே நல்லது. தேவையான அளவை மட்டும் தேவையான அன்று வாங்குங்கள். மிச்சம் வைக்கவேண்டாம். ஒருவர் மனமுடைந்து இருக்கிறார் என்று தெரிந்தால், கிருமிநாசினியையும் களைகொல்லியையும் அன்றே வீட்டைவிட்டு அகற்றி, வேறொருவரின் பொறுப்பில் வையுங்கள். கிளினிக் குளிசைகளையும் வீட்டில் இன்னொருவர் வைத்துக்கொண்டு நேரத்துக்கு நேரம் கொடுக்கலாம். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு தொடக்கம் நான்கு கிழமைகள் ஆகும். அந்த இடைவெளியில்தான் கூடிய கவனம் வேண்டும்.

எவராவது நஞ்சருந்திவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தியெடுக்கப் பண்ணாமல், வீட்டு வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். போத்தலையும் கூடக் கொண்டுபோங்கள். “எனக்கொண்டுமில்லை” என்று அவர் சொன்னாலும் விட்டுவிடக்கூடாது.

திரும்பிப் போய்க் காணுதல்

உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் இடங்களில் ஒரு பரீட்சிப்பு நடத்தி, 2008 இல் முடிவை வெளியிட்டது. உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினரோடு வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரம் இருந்து கதைத்தார்கள். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ சுகம் விசாரித்தார்கள். பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 1,000 பேருக்கு 22 பேர் என்ற அளவில் தற்கொலையால் இறந்திருந்தனர். சுகம் விசாரிக்கப்பட்டவர்களில் அது 1,000 பேருக்கு 2 பேர்தான்.

விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒருவர் மறக்காமல் வந்து “எப்படி இருக்கிறியள்?” என்று கேட்டதுதான். கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, மாதர் சங்கத்திலோ, கமக்காரர் அமைப்பிலோ இருவர் பொறுப்பெடுத்தால் இதை எங்கள் முகாமிலும் ஊரிலும் செய்யலாம். முதற் கிழமை, இரண்டாம் கிழமை, மாத முடிவு என்று நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். மற்றவர்களுக்குக் கதை பரப்பாதீர்கள்.

ஆபத்தில் இருப்பவரோடு இருந்து ஒரு சிறிய தாளில் ஆறு விடயங்களை எழுதிவைப்பதும் உதவும். எண்ணம் கூடப்போகிறது என்பதை எனக்கு உணர்த்துவது எது? அப்போது நானே செய்யக்கூடியது என்ன? எந்த இடத்துக்கு, யாரிடம் போய் இருந்தால் மனம் மாறும்? யாரிடம் வாய் திறந்து சொல்லலாம்? எந்த வைத்தியசாலைக்குப் போகலாம்? வீட்டிலிருந்து எவற்றை அகற்றவேண்டும்? இத்தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம். இரவில் ஒருவரும் இல்லாத நேரத்தில், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழில் கதைக்கலாம். இந்த இலக்கத்தையும் அத்தாளில் எழுதிவையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மனிதரிடம் திரும்பி வருவோம். நாலாவது தடவை அவர் தனியே போகவில்லை. மூத்த மகள் கூடப் போகிறாள். அவள் அந்த இரண்டு வசனங்களையும் சொல்கிறாள். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு, தாதியிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, “ஐயா, இருங்கோ” என்கிறார். அன்று அவருக்குப் பத்து நிமிடம் செலவாகிறது. வெளியே வரிசையில் நிற்பவர்கள் முறுமுறுக்கிறார்கள். அந்த வரிசையில் நாம் நின்றால், முறுமுறுக்காமல் காத்திருப்போம். காணி திரும்பக் கிடைப்பது எப்போது என்று நமக்குத் தெரியாது. அது கிடைக்கும் நாளில் கிணற்றை இறைத்து முதற்கன்று நடுவதற்கு அவர் இருக்கவேண்டும்.